மருந்துக்குச் சாகாத களை, குளிருக்குத் தோற்ற கதை

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் இருக்கும் டெலவேர், சின்னஞ்சிறு மாநிலம். 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே சோயா பயிரிட்ட சில விவசாயிகளின் வயலில் ஒரு களை சாக மறுத்தது. கிளைஃபோசேட் அடித்த இடத்தில் மற்ற களைகளெல்லாம் காய்ந்து சருகாகிக் கிடக்க, இது மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. ஹார்ஸ்வீட் என்பது அதன் ஊர்ப்பெயர். தாவரவியலில் கொனைசா கனடென்சிஸ். அந்த மண்ணிலேயே பிறந்த செடி, ஒன்றும் புதிய விருந்தாளி இல்லை.

கிளைஃபோசேட் என்றால் யோசிப்பவர்களுக்கும் 'ரவுண்டப்' என்றால் புரிந்துவிடும். 1974இல் சந்தைக்கு வந்த மருந்து அது. 1996இல், அந்த மருந்து பட்டாலும் சாகாதபடி மரபணு மாற்றிய சோயா விதை வந்தது. அதோடு களைக் கவலை ஒழிந்தது என்றே அமெரிக்க விவசாயி நினைத்தார். பயிரின் மேலேயே அடிக்கலாம். பயிர் நிற்கும், மற்றதெல்லாம் போகும். டெலவேரில் அந்த வயல்காரர்கள் வேறு களைக்கொல்லி எதையும் தொடாமல் இதை ஒன்றையே நம்பியிருந்தார்கள். மூன்றே ஆண்டுகளில் நம்பிக்கை பொய்த்தது. அந்தச் செடிகளின் விதையை எடுத்துப் பசுமைக்குடிலில் வளர்த்துச் சோதித்தபோது, சாதாரண ஹார்ஸ்வீட்டுக்குப் போதுமான அளவைப்போல் 8 முதல் 13 மடங்கு மருந்து தேவைப்பட்டது.

இந்தச் செடி பரவுவதைத் தடுப்பதும் எளிதல்ல. ஒரு செடி இரண்டு லட்சம் விதைகள் வரை விடும். ஒவ்வொரு விதைக்கும் பஞ்சு இறகு உண்டு. தரையிலிருந்து 140 மீட்டர் உயரத்தில் பறந்துகொண்டிருந்த ஹார்ஸ்வீட் விதைகளை ஆய்வாளர்கள் பிடித்திருக்கிறார்கள். அந்த உயரத்துக் காற்றில் ஏறிய விதை எந்த மாவட்டத்தில் இறங்கும் என்று யார் சொல்ல முடியும்?

சரி, அது எப்படிப் பிழைக்கிறது? இதற்குப் பதில் கிடைக்கப் பத்து ஆண்டுகள் பிடித்தன. கிடைத்த பதிலோ, களை அறிவியலில் நான் படித்தவற்றிலேயே அழகானது.

தாவரம் தனக்கு வேண்டிய அமினோ அமிலங்களைத் தானே செய்துகொள்ளும். அவற்றில் மூன்றைச் செய்யும் பாதையில் இபிஎஸ்பி சின்தேஸ் என்ற நொதி வேலை செய்கிறது. அது இருப்பது பசுங்கணிகத்துக்குள். கிளைஃபோசேட் போய் அந்த நொதியை அடைத்துக்கொண்டால் பாதை நின்றுபோகும். புதிய புரதம் இல்லை, புதிய இலை இல்லை. குருத்து மஞ்சளாகிச் செடி மெல்லச் சாகும். ஹார்ஸ்வீட்டில் அந்த நொதி மாறவில்லை. மருந்து இலைக்குள் நுழைவதிலும் பெரிய வேறுபாடு இல்லை. மருந்து உள்ளே வருகிறது, நொதியும் பழைய நொதிதான், ஆனாலும் செடி சாகவில்லை. அப்படியானால் உள்ளே வந்த மருந்து எங்கே போகிறது?

முதிர்ந்த தாவரச் செல்லில் பெரும்பகுதி இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது வாக்குவோல் எனப்படும் நீர்ப்பை. அதைச் சுற்றி ஒரு சவ்வு. செல் தனக்கு இப்போது வேண்டாததை எல்லாம் அதற்குள் போட்டு மூடும். நம் வீட்டுப் பரண் மாதிரி. மருந்தும் அங்கே போகிறதா என்று பார்க்கவேண்டும். ஆனால் செல்லை உடைத்துப் பார்த்தால் பரணும் வீடும் ஒன்றாகக் கலந்துவிடும். உயிரோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும்.

செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் மான்சான்டோ நிறுவன விஞ்ஞானிகளும் சேர்ந்து இதற்கு ஒரு வழி கண்டார்கள். கிளைஃபோசேட் மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு பாஸ்பரஸ் அணு உண்டு. வலுவான காந்தப்புலத்தில் வைத்தால் அந்த அணு ஒரு சைகை கொடுக்கும், மருத்துவமனை எம்.ஆர்.ஐ. கருவிக்கும் அடிப்படை இதே இயற்பியல்தான். அந்தச் சைகை எந்த இடத்தில் விழும் என்பது சுற்றியிருக்கும் அமிலத்தன்மையைப் பொறுத்தது. செல்லின் பொதுத் திரவம் ஏறக்குறைய நடுநிலை, பிஹெச் 7க்குச் சற்று மேலே. வாக்குவோல் நல்ல புளிப்பு, 5.5ஐ ஒட்டி. ஆகவே இலைத் திசுவை உயிரோடு கருவிக்குள் வைத்தால், வரைபடத்தில் கிளைஃபோசேட் ஒன்றுக்கு இரண்டு முகடுகளாகத் தெரியும். ஒன்று வெளியே இருப்பது, மற்றது பரணில் இருப்பது.

2010இல் வெளியான முடிவு தெளிவாக இருந்தது. மருந்து பட்ட 24 மணி நேரத்துக்குள் எதிர்ப்புத்திறன் பெற்ற ஹார்ஸ்வீட்டில் வாக்குவோல் முகடு எழும்பத் தொடங்கிவிட்டது. சாகும் ரகத்தில் அந்த முகடு இல்லவே இல்லை என்று சொல்லுமளவுக்குச் சிறியது. எதிர்ப்புச் செடி மருந்தை உடைக்கவில்லை, வெளியே துப்பவும் இல்லை. விஷத்தை விஷமாகவே வைத்துக்கொண்டு, அதன் மேல் மூடியைப் போட்டுவிட்டு வளர்கிறது.

அடுத்த ஆண்டு அதே குழு கேட்ட கேள்வி இன்னும் சுவையானது. பரணில் பொருள் தானாக ஏறாது. யாராவது தூக்கி வைக்க வேண்டும். வாக்குவோல் சவ்வில் இருக்கும் ஏதோ ஒரு புரதம், ஆற்றலைச் செலவிட்டு, மருந்தை உள்ளே தள்ளுகிறது. உயிரினத்தின் எந்த இயந்திரமும் குளிரில் தளரும். அப்படியானால் குளிரில் என்ன ஆகும்?

செடிகளைக் குளிருக்குப் பழக்கி, குளிரிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். வாக்குவோல் முகடு அடங்கிப்போனது. மருந்து செல் திரவத்திலேயே தங்கியது. தங்கியது நகர்ந்தது, சர்க்கரை போகும் ஃபுளோயக் குழாய் வழியே குருத்துக்கும் வேருக்கும் போனது. பத்து மடங்கு மருந்துக்கும் அசையாதிருந்த ரகம், எதிர்ப்பே இல்லாத செடியைப் போல நோயுற்றது. மரபணுவில் ஒரு எழுத்தும் மாறவில்லை; மருந்தின் அளவும் மாறவில்லை.

எதிர்ப்புத்திறன் என்றதும் விதையின் நிறம் போல, பூவின் இதழ் எண்ணிக்கை போல, செடியோடு ஒட்டிப் பிறந்த நிலையான குணம் என்றே எண்ணுகிறோம். பல சமயங்களில் அது செடி ஒவ்வொரு மணியும் செய்துகொண்டிருக்கும் ஒரு வேலை. வேலை என்று வந்தால் அதற்கு உகந்த வெப்பநிலையும் உண்டு, ஒவ்வாத வெப்பநிலையும் உண்டு. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

இதை ஏன் விவசாயிகள் முன்பே கவனிக்கவில்லை? ஏனென்றால் களைக்கொல்லிப் பாடத்தின் முதல் அத்தியாயமே வேறு மாதிரிச் சொல்கிறது: களை நன்றாக, துடிப்பாக வளரும்போது அடி, வெதுவெதுப்பான நாளில் அடி, குளிரில் அடித்தால் மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும். சாதாரணக் களையைப் பொறுத்தவரை அது சரியான அறிவுரை. குளிரில் ஃபுளோய ஓட்டம் மந்தமாகும். செடி வாடுவதற்குக் கூடுதல் நாட்கள் ஆகும். ஆனால் அந்த அறிவுரை எதிர்ப்புக் களைகள் இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. ஹார்ஸ்வீட்டில் குளிர் இரண்டு வேலைகளையும் மந்தமாக்குகிறது. அதில் ஒளித்துவைக்கும் வேலைக்கு விழும் அடி பெரிது.

ஹார்ஸ்வீட்டின் வாழ்க்கை முறையும் இதற்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. பெரும்பாலான விதைகள் இலையுதிர் காலத்தில் முளைத்து, தரையோடு ஒட்டிய வட்ட இலைக்கொத்தாகப் பனிக்காலத்தைக் கழித்து, வசந்தத்தில்தான் தண்டை நிமிர்த்தும். வெப்பம் குறைந்த நாட்களில் செடி சிறியதாக, கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்கிறது. கோடையில் ஆளுயரம் வளர்ந்தபின் அடிப்பதற்கும் இப்போது அடிப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. (உறைபனி விழுந்த காலையில் அடித்தால் மட்டும் பயனில்லை, இலை மருந்தையே உறிஞ்சாது.)

ஹார்ஸ்வீட் ஒரு தனிக்கதை என்று ஒதுக்கிவிட முடியவில்லை. 2013இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பவுல்ஸ் பங்குபெற்ற ஆய்வு ஒன்றில், கிளைஃபோசேட்டுக்கு மசியாத ஜான்சன் புல்லையும் ரை புல்லையும் வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்துப் பார்த்தார்கள். ஜான்சன் புல்லை 30 டிகிரி செல்சியஸிலிருந்து 19க்கும், ரை புல்லை 19லிருந்து 8க்கும் இறக்கியபோது இரண்டின் எதிர்ப்பும் தளர்ந்தது. ரை புல்லுக்கு இதில் ஒரு வரலாற்றுப் பெருமையும் உண்டு. உலகில் முதன்முதலாகக் கிளைஃபோசேட்டை வென்ற களை அதுதான், 1996இல், ஆஸ்திரேலியாவில்.

இத்தனையும் படித்தவர்கள் 'அப்படியானால் குளிரில் அடித்தால் எல்லாம் தீர்ந்தது' என்று முடிவுகட்டியிருப்பார்கள். ஆஸ்திரேலியாவின் வாற்கோதுமைப் புல் அந்த முடிவைக் கலைத்துப்போடுகிறது.

விக்டோரியா மாநிலத்தின் குதிரைமசால் வயல்களில் ஆண்டுதோறும் பாராகுவாட் அடிப்பது வழக்கம். இந்த மருந்து கிளைஃபோசேட் மாதிரிப் பொறுமைசாலி இல்லை. வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கையின் எலெக்ட்ரான்களைத் தட்டிப் பறித்து, ஆக்சிஜனை வீரியமான நச்சாக மாற்றி, சில மணி நேரத்தில் இலையைப் பொசுக்கிவிடும். 1980களின் தொடக்கத்தில் அந்த வயல்களில் பாராகுவாட்டுக்கும் சாகாத வாற்கோதுமைப் புல் தோன்றியது. அதன் உத்தியும் மருந்தை நகரவிடாமல் ஒதுக்கிவைப்பதுதான். அதே இனத்தின் வேரில் பாராகுவாட் வாக்குவோலுக்குள் சேமிக்கப்படுவதற்குப் பின்னாளில் ஆதாரமும் கிடைத்தது. ஹார்ஸ்வீட்டின் அதே உத்தி.

1995இல் அடிலெய்டில் கிறிஸ்டோபர் பிரெஸ்டன், பவுல்ஸ் ஆகியோர் இடம்பெற்ற குழு இந்தப் புல்லுக்கு மருந்தடித்து, ஒரு பாதியை 15 டிகிரியிலும் மறு பாதியை 30 டிகிரியிலும் வைத்தது. 15 டிகிரியில் எதிர்ப்பு 12 மடங்குக்கு மேல். 30 டிகிரியில் அந்த எதிர்ப்பு பெருமளவு நொறுங்கிவிட்டது. அடங்கிக் கிடந்த பாராகுவாட் இலைக்குள் மீண்டும் நகரத் தொடங்கியது. ஹார்ஸ்வீட் குளிரில் தோற்றது; வாற்கோதுமைப் புல் வெக்கையில் தோற்றது. ஒரே உத்தி, எதிரெதிர் பலவீனம்.

ஆகவே, எந்தக் களை, எந்த மருந்து, எந்த உத்தி என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கேட்டாக வேண்டியிருக்கிறது. பொது விதி எழுதும் ஆசையை இங்கே மூட்டை கட்டி வைப்பது நல்லது.

கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மிதிலா ஜுகுலம் குழு செய்த ஆய்வுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவர்கள் கையில் எடுத்தவற்றில் ஒன்று பால்மர் அமராந்த். நம் தண்டுக்கீரைக்கும் முள்ளுக்கீரைக்கும் பங்காளி. அமெரிக்கப் பழங்குடிகள் அதன் இலையையும் விதையையும் உண்டிருக்கிறார்கள். இன்றோ அமெரிக்கப் பருத்தி, சோயா விவசாயிகளுக்குச் சிம்மசொப்பனம். சொனோரா பாலைவனப் பகுதியில் உருவான செடி என்பதால், 40 டிகிரியை ஒட்டிய வெயிலில்தான் அதன் ஒளிச்சேர்க்கை உச்சத்தில் இருக்கும். நல்ல பருவத்தில் ஒரே நாளில் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வளரும். பெண் செடி ஒன்று லட்சக்கணக்கில் விதை விடும்.

அதன் மேல் அடிக்கும் மருந்துகளில் ஒன்று மீசோட்ரையோன். இதன் பிறப்புக் கதை சொல்லத்தக்கது. பூங்காக்களில் சிவப்பாக, பாட்டில் கழுவும் பிரஷ் போலவே பூத்து நிற்கும் பாட்டில் பிரஷ் மரத்தைப் பார்த்திருப்பீர்கள். 1977இல் கலிஃபோர்னியாவில் ஒரு ஆய்வாளர், அந்த மரத்தடியில் களைகள் அதிகம் முளைப்பதில்லை என்று கவனித்தார். மண்ணை ஆராய்ந்தபோது கிடைத்த இயற்கைப் பொருளின் வழிவந்ததுதான் மீசோட்ரையோன். இலையைக் காக்கும் கரோட்டினாய்டு நிறமிகள் உருவாவதை அது தடுக்கும். காவல் போன பச்சையம் வெயிலில் வெளுத்து, இலை காகிதம் போல வெள்ளையாகும். மக்காச்சோளத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகாது. சைட்டோகுரோம் பி450 என்ற நொதிக் குடும்பத்தைக் கொண்டு மருந்தை விரைவில் உடைத்துவிடும்.

ஜுகுலம் குழு பால்மர் அமராந்தைப் பகல் 25, இரவு 15 டிகிரியில் ஒரு அறையிலும், பகல் 40, இரவு 30 டிகிரியில் இன்னொரு அறையிலும் வளர்த்து மீசோட்ரையோன் அடித்தது. குளிர்ந்த அறையில் செடிகள் வெளுத்துச் செத்தன. சூடான அறையில் அதே மருந்து சரியாக எடுபடவில்லை. காரணம் இரண்டு. வெப்பத்தில் செடி மருந்தை வேகமாக உடைத்தது. மருந்து தாக்க வேண்டிய நொதிக்கான மரபணுவையும் கூடுதலாக முடுக்கிவிட்டது. மருந்தை உடைக்கும் வேலையில் வேகம்தான் எல்லாம். 10 டிகிரி ஏறினால் உயிர்வேதி வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பள்ளிப் பாடம். பாலைவனச் செடிக்கு அந்தப் பாடம் வரமாக வாய்த்திருக்கிறது. மருந்தை விரைவாக உடைத்தே மீசோட்ரையோனுக்குத் தப்பும் பால்மர் ரகம் பின்னர் கன்சாஸிலேயே கண்டறியப்பட்டது. மக்காச்சோளத்தின் வித்தையைக் களையும் கற்றுக்கொண்டுவிட்டது.

வெப்பநிலைக்கு வேலை இல்லாத இடமும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பால்மர் அமராந்த் கிளைஃபோசேட்டை வெல்லும் விதம் வேறு. 2010இல் வெளியான ஆய்வு, ஜார்ஜியா மாநிலச் செடிகளில் இபிஎஸ்பி சின்தேஸ் மரபணு ஐந்து முதல் 160க்கும் மேற்பட்ட பிரதிகளாகப் பெருகியிருப்பதைக் காட்டியது. அடைக்க அடைக்க நொதி வந்துகொண்டே இருக்கும். இதில் குளிர் வந்து நிறுத்துவதற்கு ஒரு பம்பும் கிடையாது.

மருந்து செல்லுக்குள் போன பிறகு நடப்பதையே இதுவரை பார்த்தோம். அது உள்ளே போவதிலேயே வெப்பநிலை விளையாடுகிறது. இலையின் மேல் விழுந்த துளி கரைசலாக இருக்கும்வரைதான் உள்ளே ஊடுருவும். உச்சி வெயிலில், காய்ந்த காற்றில், துளி சில நிமிடங்களில் வற்றி, மருந்து வெறும் உப்புப் படிவாக இலையின் மேல் நின்றுவிடும். வெப்பத்தில் வளர்ந்த இலை தன் நீரைக் காத்துக்கொள்ள மெழுகுப் பூச்சையும் தடிமனாக்கும். இன்னொரு பக்கம், மிதமான சூட்டில் மெழுகும் சவ்வும் இளகி, மருந்துக்கு வழி விடும். எந்தப் பக்கம் கை ஓங்கும் என்பது களைக்குக் களை வேறுபடும்.

கோச்சியா என்றொரு களை. காய்ந்ததும் தரையோடு முறிந்து காற்றில் உருண்டோடும், மேற்கத்தியப் படங்களில் புழுதித் தெருவில் உருளுமே அந்த வகைச் செடி. பகல் வெப்பம் 17.5 டிகிரியில் இருக்கும்போது கிளைஃபோசேட்டும் டைகாம்பாவும் அதை நன்றாகக் கொன்றன. 32.5 டிகிரியில் இரண்டும் தடுமாறின. கிளைஃபோசேட் இலைக்குள் குறைவாகவே நுழைந்தது. டைகாம்பா நுழைந்தாலும் நகரவில்லை. ஒரே விளைவு, இரண்டு மருந்துக்கு இரண்டு காரணம். நெப்ராஸ்காவில் ராக்வீட் களைகளை வைத்துச் செய்த ஆய்வில் நேர்மாறு: பகல் 20 டிகிரியைவிட 29 டிகிரியில்தான் கிளைஃபோசேட்டும் 2,4-டியும் கூடுதலாக உறிஞ்சப்பட்டு, கூடுதலாக நகர்ந்து, கூடுதலாகக் கொன்றன, கிளைஃபோசேட் எதிர்ப்பு பெற்ற செடிகளிலும் கூட. கோச்சியாவும் ராக்வீடும் ஒரே வயலில் நின்றால் விவசாயி எந்த நேரம் பார்த்து அடிப்பார்? அவருக்காக நான் வருந்துகிறேன்.

ஒரு நாள் மருந்து எடுபடாமல் போனால் நட்டம் அந்த ஒரு நாளோடு முடிந்துவிடுவதில்லை. புட்டியில் குறிப்பிட்ட முழு அளவை அடித்தாலும், அன்றைய வெக்கையில் அதில் பாதிதான் வேலை செய்தது என்றால், களையைப் பொறுத்தவரை விவசாயி பாதி அளவுதான் அடித்தார். பாதி அளவில் எல்லாம் சாகாது. சற்றே தாக்குப்பிடிக்கும் செடிகள் தப்பி, தங்களுக்குள் மகரந்தம் பரிமாறி, விதை விடும். இது வெறும் ஊகமில்லை. 2005இல் பால் நீவும் பவுல்ஸும் வெளியிட்ட ஆய்வில், மருந்துக்குச் சாகக்கூடிய ரை புல்லுக்குத் தலைமுறைதோறும் டைக்ளோஃபாப் மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து, தப்பியவற்றின் விதையை மட்டும் எடுத்து வளர்த்தார்கள். மூன்றே தலைமுறையில் எதிர்ப்புத்திறன் உள்ள கூட்டம் உருவாகிவிட்டது. டெலவேரிலும் மூன்று, இங்கும் மூன்று.

எக்கினோகுளோவா கொலோனா என்ற புல்லின் கதை இன்னும் நம் பக்கத்தில் வருகிறது. நாம் பொங்கல் வைத்து உண்ணும் குதிரைவாலிச் சிறுதானியம் இந்தக் காட்டுப்புல்லிலிருந்து மனிதர் பழக்கி எடுத்தது. நெல் வயலில் அது இன்றும் களை. ஆஸ்திரேலியாவின் வடபகுதியில், மழைநீரை மண்ணில் சேமிக்கக் கோடையில் நிலத்தைத் தரிசு போடுவார்கள். அந்தத் தரிசில் முளைக்கும் இந்தப் புல்லைக் கிளைஃபோசேட்டால் அழிப்பார்கள். அடிலெய்டு ஆய்வாளர்கள் 2016இல் காட்டியது இது: எதிர்ப்பு பெற்ற இந்தப் புல்லைக் கொல்ல 20 டிகிரியில் தேவைப்பட்டதைவிட 30 டிகிரியில் கூடுதல் மருந்து தேவை. அந்தப் பகுதிக் கோடை 30ஐத் தாண்டுவது சர்வ சாதாரணம். புல் முளைப்பது கோடையில், அடித்தாக வேண்டியது கோடையில், எதிர்ப்பு ஓங்குவதும் கோடையில். இதைவிடப் பாதகமான கூட்டணி அமைவது கடினம்.

இனி வரும் ஆண்டுகள் இன்னும் சூடானவை என்பதால் இந்த ஆராய்ச்சிக்கு ஒரு அவசரமும் சேர்ந்திருக்கிறது. இஸ்ரேலைச் சேர்ந்த மாவோர் மட்ஸ்ராஃபி 2016இல் வெளியிட்ட ஆய்வு, பிராக்கிபோடியம் என்ற புல், வெப்பத்தில் பினாக்சடென் மருந்தை எளிதில் உடைத்துத் தப்புவதைக் காட்டியது. பிறகு அவர் கலிஃபோர்னியாவில் இருந்தபோது நம் ஹார்ஸ்வீட்டையே எடுத்துக்கொண்டார். 2019இல் வெளியான அந்த ஆய்வில், வெப்பநிலையையும் கரியமில வாயுவையும் சேர்த்து உயர்த்தியபோது, எதிர்ப்புத்திறன் இல்லாத ஹார்ஸ்வீட் கூட கிளைஃபோசேட்டுக்கு முன்போல மசியவில்லை. மரபணு மாறாமலேயே, வானிலை மாறியதால் மட்டும் ஒரு செடி எதிர்ப்புக் களை போல நடந்துகொள்கிறது. இந்த ஒரு வரியை மருந்து நிறுவனங்களின் சுவரில் எழுதி வைக்கலாம்.

இந்தியாவும் இந்தக் கதைக்கு வெளியே இல்லை. ஹரியானா, பஞ்சாப் கோதுமை வயல்களில் ஃபலாரிஸ் மைனர் என்ற புல். அங்கே அதை 'குல்லி டண்டா' என்பார்கள். ஐசோபுரோட்டுரான் மருந்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் அடித்ததில் 1990களின் தொடக்கத்தில் அது மருந்துக்குச் சாகாததாகிவிட்டது. மிக மோசமான வயல்களில் கோதுமையைப் பச்சையாகவே அறுத்து மாட்டுக்குத் தீவனமாகப் போட்டார்கள். அதன் உத்தியும் மருந்தை உடைப்பதுதான். அந்த விவசாயிகளுக்குக் கைகொடுத்த வழிகளில் ஒன்று எனக்கு மிகப் பிடித்தது. குல்லி டண்டா முளைக்கக் குளிர் வேண்டும். கோதுமையைச் சற்று முன்னதாக, அந்தக் குளிர் இறங்குவதற்குள், உழாமலே விதைத்துவிட்டால், களை தலைகாட்டும்போது பயிர் நிலத்தை மூடியிருக்கும். வெப்பநிலையை மருந்தாகவே பயன்படுத்திய வழி அது, செலவும் குறைவு.

இந்த ஆய்வுகளில் ஒரு குறையும் உண்டு. வளர்ப்பு அறையில் பகல் 30 என்றால் பகல் முழுதும் 30தான். வயலில் காலை ஒரு வெப்பம், மதியம் ஒரு வெப்பம், மேகம் வந்தால் வேறொன்று. அறையில் கிடைத்த எண்ணை அப்படியே தோட்டத்தில் பொருத்த முடியாது. ஆனால் திசை தெரிகிறது. அதுவே பெரிய உதவி.

களை சாகவில்லை என்று கடைக்குப் போனால் 'டேங்க்குக்கு இன்னொரு மூடி சேர்த்து ஊத்துங்க' என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. அந்த இன்னொரு மூடிக்கு முன்னால், அடித்த அன்று வெயில் எப்படி இருந்தது, எந்த நேரத்தில் அடித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். மருந்தின் பெயரையும் அளவையும் நோட்டில் குறித்து வைப்பவர்கள், பக்கத்திலேயே அன்றைய வெப்பநிலையையும் எழுதுங்கள், கைப்பேசியே சொல்லிவிடும். இரண்டு மூன்று பருவம் எழுதினால் உங்கள் வயல் களையின் குணம் உங்களுக்கே பிடிபடும். எப்படி அடித்தாலும் சில செடிகள் தப்பும். தப்பியவற்றை விதை விடுமுன் பிடுங்கிவிடுங்கள். ஜார்ஜியாவின் பருத்தி விவசாயிகள், உலகின் மிக நவீனமான மருந்துகளையும் விதைகளையும் வைத்துக்கொண்டு, பால்மர் அமராந்த் மருந்துக்கு மசியாமல் போனபின் ஏறக்குறைய பாதிப் பருத்திப் பரப்பில் ஆள்விட்டுக் கைக்களைதான் எடுத்தார்கள்.